கூட்டத்துக்குத் திரும்பும் கோழி

(தொலைக்காட்சி அரங்கில் வழங்கப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



கோழி மிதித்துக் குஞ்சு முடமாகாது என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். தாய்க்கோழியைப் பொறுத்தவரை அது சரியான பேச்சுத்தான். ஆனால் ஒரு பெட்டைக்கோழி இன்னொரு பெட்டைக்கோழியை விடாமல் கொத்தினால் முடமும் ஆகும், சில வேளை உயிரும் போகும். நாலைந்து நாட்டுக்கோழி வளர்க்கும் வீடுகளில் இது அவ்வப்போது நடக்கிறது. கூட்டத்திலிருந்து சில நாள் பிரித்து வைத்த கோழியைத் திரும்பக் கொண்டு போய் விடும் நாளில்தான் இது பெரும்பாலும் நடக்கிறது.

பேராக் மாநிலத்தில் செம்பனைத் தோட்டத்தை ஒட்டி ஒரு கம்பத்து வீடு இருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். வீட்டில் ஒரு பாட்டி, அவருடைய பன்னிரண்டு வயதுப் பேரன். கொல்லையில் ஏழு பெட்டை, ஒரு சேவல். அவற்றில் கருப்பி என்ற கோழிக்கு உள்ளங்காலில் முள் குத்திச் சீழ் வைத்துவிட்டது. பாட்டி அதைத் தனியே ஒரு கூண்டில் போட்டு, சமையல்கட்டுக்குப் பின்புறம் வைத்துக் காலைக் கழுவிக் கட்டுப் போட்டு, இருபது நாள் பார்த்துக்கொண்டார். கால் ஆறியது. கருப்பி நன்றாக நடந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பகல். மற்ற கோழிகள் தீனித் தட்டைச் சுற்றி நின்றன. பேரன் கருப்பியைத் தூக்கிக்கொண்டு போய் அவற்றின் நடுவே இறக்கிவிட்டான். தன் கூட்டாளிகளைப் பார்த்தால் அது மகிழ்ந்து போகும் என்பது பிள்ளையின் எண்ணம்.

அடுத்த நொடி செவலை என்ற கோழி கழுத்து மயிரைச் சிலிர்த்துக்கொண்டு பாய்ந்தது. கருப்பி ஓடியது. ஓடிய இடமோ கம்பி வலையின் மூலை. அதற்கு மேல் ஓட வழியில்லை. தலையை மூலைக்குள் நுழைத்துக்கொண்டு அப்படியே நின்றது. செவலை அதன் பிடரியில் ஏறிக் கொத்த, மற்ற இரண்டு கோழிகளும் சேர்ந்துகொண்டன. துணி காயப் போட்டுக்கொண்டிருந்த பாட்டி ஓடி வருவதற்குள் கொண்டை கிழிந்து, பின்தலையில் தோல் உரிந்திருந்தது.

பிள்ளை அழுதான். பாட்டிக்கு வந்த ஆத்திரத்தில், "இருடா ஐயா, வர்ற தீபாவளிக்கு அந்தச் செவலையத்தான் மொதல்ல அறுக்கணும்" என்றார்.

செவலை செய்தது குற்றமா? கருப்பியை இனி எப்போதும் தனியாகத்தான் வைக்க வேண்டுமா? இந்த இரண்டு கேள்விக்கும் விடை தெரிந்தால் இரண்டு கோழிகளையும் காப்பாற்றிவிடலாம்.

யார் யாரைக் கொத்தலாம்?

நார்வே நாட்டைச் சேர்ந்த தொர்லைஃப் ஷெல்டெருப்-எப்பெ சிறுவனாக இருந்தபோதே வீட்டுக் கோழிகளைக் கவனித்து, எந்தக் கோழி எதைக் கொத்துகிறது என்று குறித்து வைக்கத் தொடங்கியவர். பெரியவரான பின் அதையே ஆராய்ச்சியாகச் செய்து, 1922இல் ஜெர்மன் மொழியில் வெளியிட்டார். கோழிக் கூட்டத்தில் ஒரு வரிசை உண்டு என்று அவர் காட்டினார். முதல் கோழி எல்லாவற்றையும் கொத்தலாம். இரண்டாவது கோழி முதலாவதைத் தவிர மற்றவற்றைக் கொத்தலாம். கடைசிக் கோழி எதையும் கொத்த முடியாது; எல்லாக் கொத்தும் அதற்கே. இதைத்தான் கொத்து வரிசை என்கிறார்கள். அலுவலகத்தில் யார் பெரியவர், யார் சின்னவர் என்று பேசும்போது ஆங்கிலத்தில் இன்றைக்கும் வழங்கும் சொல் அந்தக் கோழிக் கொல்லையிலிருந்து வந்ததுதான்.

கேட்பதற்குக் கொடுமையாகத் தெரிந்தாலும், இந்த வரிசை கூட்டத்தில் அமைதி நிலவ உதவுகிறது. யாருக்கு யார் வழிவிட வேண்டும் என்று தெரிந்துவிட்டால் ஒவ்வொரு வேளைத் தீனிக்கும் சண்டை போட வேண்டியதில்லை. ஒரு முறைப்பு, ஓர் அடி முன்னே எடுத்து வைத்தல், அவ்வளவு போதும். மற்றது விலகிவிடும்.

கோழிகள் ஒன்றையொன்று பெரும்பாலும் தலையையும் கொண்டையையும் கழுத்தையும் பார்த்தே அடையாளம் காண்கின்றன. கொண்டையின் தோற்றத்தை மாற்றிப் பார்த்த ஆய்வுகளில், பழகிய கோழியையே மற்றவை அந்நியக் கோழிபோல் நடத்தியிருக்கின்றன. நோயில் கிடந்த கோழிக்குக் கொண்டை வெளிறிச் சுருங்கிப் போகும்; இறகு உதிர்ந்திருக்கும். இரண்டு மூன்று வாரம் கண்ணில் படாமலும் இருந்து, தோற்றமும் மாறி வந்தால், கூட்டத்தின் கண்ணுக்கு அது புதிய கோழி.

இன்னொன்றும் உண்டு. கருப்பி இல்லாத இருபது நாளில் அதன் இடம் காலியாகக் காத்திருக்கவில்லை. அதற்குக் கீழே இருந்தவை ஒரு படி மேலே ஏறிவிட்டன. திரும்பி வந்த கருப்பி, இடத்தைப் பறிக்க வந்ததாகத்தான் செவலைக்குத் தெரியும். பொதுவாக, வரிசையில் அடுத்தடுத்து நிற்கும் கோழிகளுக்குள்தான் சண்டை கடுமையாக இருக்கும்.

புதரும் கம்பி வலையும்

வீட்டுக் கோழிகளின் மூதாதை தென்கிழக்காசியக் காடுகளில் இன்றும் வாழும் செந்நிறக் காட்டுக்கோழி. மலேசியாவில் காட்டோரங்களிலும் செம்பனைத் தோட்டங்களிலும் அதைக் காணலாம். மலாயில் ஆயாம் ஹூத்தான் என்பார்கள். அவையும் சிறு கூட்டமாகத்தான் வாழ்கின்றன. அவற்றுக்குள்ளும் கொத்து உண்டு. ஆனால் அங்கே கொத்து வாங்கிய கோழி நாலு அடி ஓடிப் புதருக்குள் மறைந்துவிடும். துரத்திய கோழியும் நின்றுவிடும். தோற்றது ஓடினால் சண்டை முடிந்தது என்பதுதான் அவற்றின் சட்டம்.

கம்பி வலைக்குள் தோற்ற கோழியால் ஓட முடிவதில்லை. அது கண்ணெதிரிலேயே நிற்பதால், துரத்தும் கோழிக்குச் சண்டை முடிந்ததாகவே தோன்றுவதில்லை. ஆகவே கொத்துவது கோழியின் இயல்பு என்றாலும், அந்தக் கொத்து கொலையில் முடிவதற்கு வேலி போட்ட மனிதருக்கும் பங்கு உண்டு. முரட்டுக் கோழியைத் திருத்தும் வேலை முதலில் கூண்டிலிருந்து தொடங்க வேண்டும்.

ஒரு கோழிக்குக் கூண்டுக்குள் குறைந்தது 4 சதுர அடியும், வெளியே உலவ 10 சதுர அடியும் இருப்பது நல்லது. தீனித் தட்டும் தண்ணீர்ப் பாத்திரமும் இரண்டிரண்டு வேண்டும். ஒன்றுக்குப் பக்கத்தில் நிற்கும் கோழிக்கு மற்றது தெரியாதபடி தள்ளி வைக்க வேண்டும். ஒரே தட்டு என்றால் ஒரே ஒரு முரட்டுக் கோழி அதைக் காவல் காத்து மற்றவற்றைப் பட்டினி போட்டுவிடும். சாய்த்து வைத்த பலகை, கவிழ்த்த கூடை, பழைய நாற்காலி, வெட்டிப் போட்ட மரக்கிளை என எதுவானாலும் சரி, ஒளிந்துகொள்ளச் சில இடங்கள் இருக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு பக்கமும் வழி இருக்கட்டும். ஒரே வழியுள்ள மறைவிடம் கருப்பி மாட்டிக்கொண்ட மூலையைப் போன்றதுதான்.

கொத்தும் இடத்தைப் பாருங்கள்

எல்லாக் கொத்தும் ஒன்றல்ல. எங்கே கொத்துகிறது என்று பார்த்தாலே காரணம் பாதி விளங்கிவிடும்.

தலை, கொண்டை, பிடரியில் கொத்தினால் அது வரிசைச் சண்டை. முதுகிலும் வால் அடியிலும் இறகைப் பிடுங்கினால் அது வேறு. நாள் முழுவதும் மண்ணைக் கிளறி இரை தேடப் பிறந்த பறவை, கிளற இடம் இல்லாமல் பக்கத்துக் கோழியின் இறகைக் கொத்திப் பழகிவிடுகிறது. நெருக்கடி, வெக்கை, கண் கூசும் வெளிச்சம், தீனியில் புரதக் குறைவு எல்லாம் அதற்குத் துணை. மிச்சச் சோற்றையே கொட்டி வளர்க்கும் வீடுகளில் இதைப் பார்க்கலாம். முட்டையிடும் கோழிக்குத் தீனியில் ஏறக்குறைய 16 விழுக்காடு புரதம் வேண்டும். வெறும் சோற்றில் அது கிடைக்காது. முட்டைக்கோழித் தீவனத்தை முதன்மையாக வைத்து, சோற்றைக் கொறிப்பாக மட்டும் கொடுப்பது நல்லது. ஒரு கட்டுக் கீரையை உயரத்தில் கட்டித் தொங்கவிட்டால், கோழிகளின் கவனம் இறகிலிருந்து கீரைக்கு மாறும்.

மூன்றாவது, பின்புறத்தில் கொத்துவது. முட்டையிட்ட பின் சிவந்து பிதுங்கியிருக்கும் சதையைக் கண்டு மற்றவை கொத்தத் தொடங்கினால் குடலையே இழுத்துவிடும். அந்தக் கோழியை அந்த நிமிடமே பிரிக்க வேண்டும். முட்டையிடும் பெட்டி சற்று இருட்டாக, நாலு கோழிக்கு ஒன்று என்ற கணக்கில் இருந்தால் இந்த ஆபத்து குறையும்.

நேற்று வரை சாதுவாக இருந்த கோழி இன்று திடீரென்று சீறினால், கோபக்காரக் கோழி என்று பெயர் வைக்குமுன் அதைத் தூக்கிப் பார்க்க வேண்டும். இறக்கைக்கு அடியில் பேன் இருக்கலாம். செவ்வுண்ணி பகலில் கூண்டின் இடுக்கில் ஒளிந்து இரவில் வந்து இரத்தம் குடிக்கும். இரவில் டார்ச் விளக்கடித்துக் கோழி அடையும் கட்டையைப் பார்த்தால் தெரியும். ஒருவேளை அது அடைக்கு உட்கார்ந்திருக்கலாம். அடைக்கோழி சீறுவது இயற்கை. அடை தெளிவிக்க மூக்கில் இறகு செருகுவதும் தண்ணீரில் முக்குவதும் பழைய வழக்கங்கள். அவை தேவையில்லை. காற்றுப் படும்படி உயர்த்தி வைத்த கம்பித் தளக் கூண்டில், தீனி தண்ணீரோடு மூன்று நாலு நாள் வைத்திருந்தால் பெரும்பாலும் அடை தெளிந்துவிடும். குஞ்சுக்காரக் கோழி மனிதர் மேல் பாய்ந்தால் குற்றம் கிட்டப் போனவருடையது. சிறு பிள்ளைகளை அதன் முன் குனிய விடக் கூடாது. அது முகத்தை நோக்கித்தான் பாயும்.

யாரைப் பிரிப்பது?

அடிபட்ட கோழியைப் பிரிப்பதுதான் எல்லாரும் செய்வது. காயம் இருந்தால் அது கட்டாயம். இரத்தத்தின் சிவப்பைக் கண்டால் கோழிகள் மேலும் கொத்தும். சாதுக் கோழியும் சேர்ந்துகொள்ளும். காயத்தை உப்புத் தண்ணீரில் கழுவி, ஆறும்வரை தனியே வைக்க வேண்டும். ஆழமான காயம் என்றால் கால்நடை மருத்துவரிடம் காட்டுவதே முறை. மருந்து எதுவானாலும், அந்தக் கோழியின் முட்டையை எத்தனை நாள் கழித்துச் சாப்பிடலாம் என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஆனால் காயம் இல்லாமல் விரட்டு மட்டும் இருக்கும்போது, பிரிக்க வேண்டியது விரட்டுகிற கோழியை. விரட்டப்படுகிற கோழியைப் பிரித்தால் அது மேலும் அந்நியமாகும். திரும்பி வரும்போது அடி இன்னும் கூடும். முரட்டுக் கோழியை நாலைந்து நாள் கூட்டத்தின் கண்ணில் படாத இடத்தில், நிழலில், தீனி தண்ணீர் குறையாமல் வைத்தால், அந்த இடைவெளியில் மற்றவை தங்களுக்குள் புது வரிசை அமைத்துக்கொள்ளும். அது திரும்பும்போது அதுவே புதுக்கோழி. அதிகாரம் தானாகக் குறைந்துவிடும். கம்பால் அடிப்பதிலோ காலைக் கட்டித் தொங்கவிடுவதிலோ கோழிக்கு ஒன்றும் விளங்காது. மனிதரைக் கண்டால் மிரள மட்டும் கற்றுக்கொள்ளும்.

இது எல்லா முறையும் பலிக்கும் என்று சொல்ல முடியாது. சில வேளை முரட்டுக் கோழி போன பிறகு இரண்டாவது கோழி அந்த வேலையை எடுத்துக்கொள்ளும். அப்படியானால் தப்பு கோழியிடம் இல்லை, இடப் பற்றாக்குறையில் இருக்கிறது என்று கொள்ளலாம்.

திரும்பச் சேர்க்கும் முறை

பாட்டி வீட்டுக்குத் திரும்புவோம். கருப்பியின் தலைப் புண் ஆறும்வரை பொறுத்திருந்து, இரண்டாவது முயற்சியை வேறு விதமாகச் செய்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த முறை இதுதான்.

முதலில், முழுவதும் குணமாக வேண்டும். நொண்டும் கோழியை, சோர்ந்த கோழியைக் கூட்டத்தில் விடவே கூடாது.

இரண்டாவது, பார்க்கலாம் ஆனால் தொட முடியாது என்ற நிலை. கொல்லையிலேயே கம்பி வலையால் ஒரு மூலையைத் தடுத்து, கருப்பியை அங்கே விட வேண்டும். ஒரு வாரம், பத்து நாள் அப்படி இருக்கட்டும். வலைக்கு இந்தப் பக்கம் ஒரு தீனித் தட்டு, அந்தப் பக்கம் ஒன்று. ஒன்றையொன்று பார்த்துக்கொண்டே தின்னப் பழக வேண்டும். முதல் இரண்டு நாள் வலை வழியாகவே கொத்தப் பார்க்கும். பிறகு சலித்துவிடும். வலையருகே முறைத்து நடப்பது நின்ற பிறகுதான் அடுத்த படி. கோழி நோயில் படுத்திருக்கும்போதே, தொற்று நோய் இல்லை என்றால், கூண்டைக் கூட்டத்தின் கண்ணில் படும்படி வைத்திருந்தால் பாதி வேலை அப்போதே முடிந்திருக்கும்.

மூன்றாவது, தனியாக அனுப்பாதிருப்பது. கூட்டத்திலேயே சாதுவான ஒரு கோழியை இரண்டு மூன்று நாள் கருப்பியோடு வலைக்குள் விட்டு, பிறகு இரண்டையும் சேர்த்து வெளியே விடலாம். இரண்டாகப் போனால் அடி பங்காகும், துணையும் இருக்கும்.

நான்காவது, நேரம் பார்த்து விடுவது. உச்சி வெயிலில் கூடாது. வெக்கையில் வாயைப் பிளந்து இளைக்கும் கோழிக்கு ஓடிப் பிழைக்கவும் தெம்பு இருக்காது. மாலையில், மற்றவை வெளியே மேய்ந்துகொண்டிருக்கும்போது, இருட்ட ஒரு மணி நேரம் இருக்கையில் விடலாம். கைப்பிடி தானியத்தைப் பரவலாக வீசினால் எல்லாத் தலையும் குனியும். கொல்லையில் இருக்கும் பலகையையும் கூடையையும் அன்றைக்கு இடம் மாற்றி வைத்தால், எல்லாக் கோழிக்கும் இடம் சற்றுப் புதிதாகிவிடும்.

இரவில் கோழிகளுக்குக் கண் சரியாகத் தெரியாது. ஆகவே இருட்டிய பிறகு அடையும் கட்டையில் கொண்டு போய் வைப்பது பலர் செய்யும் வழி. அதில் தவறில்லை. ஆனால் வலைப் பழக்கம் இல்லாமல் அதை மட்டும் செய்துவிட்டுத் தூங்கப் போனால், விடிந்ததும் சண்டை தொடங்கும். விடியலில் ஒருவர் எழுந்து நின்று பார்க்க வேண்டும்.

எப்போது தலையிடுவது?

ஒரு கொத்து, இரண்டு அடி துரத்தல், பிறகு விலகிவிடுதல் என்றால் தலையிட வேண்டாம். அது பேச்சுவார்த்தை. ஒவ்வொரு முறையும் மனிதர் குறுக்கே போனால் வரிசை முடிவாகாது. சண்டை நாள்கணக்கில் இழுக்கும். கூட்டத்தில் சேவல் இருந்தால், சில வேளை அதுவே நடுவில் புகுந்து பெட்டைகளைப் பிரித்துவிடும்.

கீழே அழுத்தி விடாமல் கொத்துவது, இரத்தம், பல கோழி சேர்ந்து ஒன்றைத் தாக்குவது, தீனிக்கும் தண்ணீருக்கும் நெருங்கவிடாமல் நாள் முழுவதும் தடுப்பது, இந்த நான்கில் எது நடந்தாலும் உடனே பிரித்து, ஒரு படி பின்னே போய் வலையிலிருந்து மீண்டும் தொடங்க வேண்டும். கொத்து வாங்கிய கோழி தலையை மூலையில் புதைத்துக்கொண்டு நின்றால், அது கைவிட்டுவிட்டது என்று பொருள். காத்திருக்கக் கூடாது.

சந்தையில் வாங்கிய கோழி என்றால் இன்னும் ஒரு படி உண்டு. வலை ஓரத்துக்கே கொண்டுவராமல், வேறு இடத்தில் நாலு வாரம் தனியே வைத்துப் பார்க்க வேண்டும். தமிழில் வெள்ளைக் கழிச்சல் என்றும் மலாயில் சம்பார் என்றும் சொல்லப்படும் நோய் ஒரு கொல்லையையே காலி செய்துவிடும். 2004இல் கிளந்தானில் பறவைக் காய்ச்சல் வந்தபோது கம்பத்து வீடுகளின் கோழிகளும் அழிக்கப்பட்டதைப் பலர் மறந்திருக்க மாட்டார்கள். கோழியைத் தொட்ட பின் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுவது பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் பொது விதி.

ஏழாவது இடம்

அந்த வீட்டில் என்ன ஆகியிருக்கும்? செவலை அறுபடவில்லை. ஐந்து நாள் தனியே இருந்துவிட்டு வந்தபோது அதன் மிடுக்குக் குறைந்திருந்தது. பேரன் தட்டுகளை இரண்டாக்கி, உடைந்த மேசை ஒன்றைக் கொல்லையில் கவிழ்த்துப் போட்டான். கருப்பி ஒரு மாலை நேரத்தில் துணையோடு உள்ளே போனது. நாலைந்து கொத்து விழுந்தது. மேசைக்கு அடியில் புகுந்து மறுபக்கம் வந்தது. துரத்தியது நின்றுவிட்டது.

முன்பு கருப்பி கட்டையின் நடுவில் அடையும். இப்போது ஓரத்தில் ஏழாவது கோழியாக அடைகிறது. பிள்ளைக்கு அதில் வருத்தம்.

"அதோட இடம் போச்சே, பாட்டி."

"இடம் போனா என்னடா ஐயா. ராத்திரி கூட்டத்தோட அடையுது பாரு. அது போதும்."

மூன்றாம் வாரம் பெட்டியில் கருப்பியின் முட்டை கிடந்தது. அடிபட்ட கோழி மீண்டும் முட்டையிடத் தொடங்கினால், அதன் உடம்பு தேறி, பயம் தணிந்துவிட்டது என்று கொள்ளலாம்.

வீட்டிலும் இது உண்டு. நெடுநாள் மருத்துவமனையில் இருந்து வந்தவர், வெளியூரில் வேலை செய்து திரும்பியவர் எல்லாரும் வாசலில் கால் வைக்கும்போது, வீடு தாங்கள் விட்டுப் போன மாதிரியே இருக்கும் என்றுதான் நினைக்கிறார்கள். வீட்டாரும் அப்படியே நினைக்கிறார்கள். இரண்டு பக்கமும் பழகிக்கொள்ளச் சில நாள் வேண்டும். கோழிக்குக் கொடுக்கும் அந்தப் பத்து நாளை மனிதருக்கும் கொடுக்கலாம்.

கூண்டில் தனியே கிடக்கும் கோழி யார் வீட்டிலாவது இருந்தால், இன்று நண்பகலில் அதைத் தூக்கிக்கொண்டு போய்க் கூட்டத்தின் நடுவே இறக்கிவிடாதீர்கள். முதலில் ஒரு கம்பி வலையும் இரண்டாவது தீனித் தட்டும் தேடுங்கள்.